அண்ணி வாய் திறக்காத பதினோரு நாள்

எங்கள் அண்ணி வங்கியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. கூடச் சேர்ந்த மூன்று பேரின் வயதையும் கூட்டினால் அறுபத்தைந்து தாண்டாது. அவர்கள் இவரை முதல் நாள் 'மேடம்' என்று கூப்பிட்டு, இவரும் தங்களைப் போலப் பயிற்சிக்கு வந்தவர்தான் என்று தெரிந்ததும் 'அக்கா' என்று மாற்றிக்கொண்டார்களாம்.

அதற்கு முன் பதினாறு வருடம் கூரியர் கவுன்டரில் உட்கார்ந்து பார்சல் விலாசம் சரிபார்த்தவர். ஒரு நாள் முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டான். என் அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். முதுகில் ஆபரேஷன் ஆனபிறகு ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, அந்த வீடு நம்பியிருந்தது ஒரே ஒரு காகிதத்தை. ஒரு வருடப் பயிற்சி முடிந்து, தேறியவர்களுக்குக் கொடுக்கும் நிரந்தர வேலைக் கடிதம்.

சேர்ந்தது ரிஸ்க், கம்ப்ளையன்ஸ் பிரிவில். யாருடைய கணக்கிலாவது வழக்கத்துக்கு மாறாகப் பணம் வந்து போனால் கம்ப்யூட்டர் அதைப் பிடித்து ஓர் அலர்ட்டாக இவர்கள் திரையில் போடும். நியாயமான காரணம் தெரிந்தால் எழுதி மூட வேண்டும். இல்லையென்றால் மேலே அனுப்ப வேண்டும். அறைக்கு ஜன்னல் கிடையாது, செல்போனை வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

"சந்தேகப்படுறதுக்குச் சம்பளமா? இத்தனை வருஷமா வீட்டுல சும்மாவே பண்ணிட்டு இருந்தியே!" என்றான் அண்ணன்.

பழைய கூரியர் ரசீதுகளின் பின்பக்கம் விதிகளை எழுதிவைத்து அண்ணி சாப்பாட்டு மேசையில் மனப்பாடம் செய்வார். அண்ணன் கேள்வி கேட்பான். நானும் மாடியிலிருந்து இறங்கி வந்து வேடிக்கை பார்ப்பேன். நான் அதே வீட்டு மாடியில் தனியாக இருக்கிறேன். தெருமுனையில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். அண்ணி அடிக்கடி சொல்லிப் பார்த்த விதி ஒன்று உண்டு. ஒருவர் கணக்கைச் சந்தேகப்பட்டுப் பார்க்கிறோம் என்பதை அந்த ஆளிடம் மூச்சுவிடக் கூடாது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கள் தெருவில் இந்த விதி ஒரு மணி நேரம் தாங்காது.

பத்தாவது மாதம்தான் வினை வந்தது. கொண்டுவந்தவள் நான்.

தெருப் பெண்கள் நாற்பத்துமூன்று பேர் பஸ் பிடித்துக் கடற்கரைக்கு மூன்று நாள் போய்வருவது என்று முடிவானது. ஊர் வேலையை இழுத்துப்போட்டுச் செய்வதில் எனக்கு நிகர் கிடையாது. எல்லோரும் என் கணக்கிலேயே பணத்தைப் போடுங்கள் என்றேன். என் கணக்கும் அண்ணியின் வங்கியில்தான். நான்கு நாளில் நாற்பத்துமூன்று பேர் போட்டார்கள், அண்ணி உட்பட. ஐந்தாம் நாள் பாதியை ஒரே தொகையாக பஸ்காரருக்கு அனுப்பினேன். அதற்கு அடுத்த வியாழக்கிழமை நூல் வாங்கப் போன கடையில் என் கார்டு வேலை செய்யவில்லை. கணக்கை நிறுத்திவைத்திருந்தார்கள்.

கிளையில் கேட்டேன். "தலைமை அலுவலகத்துல பாக்குறாங்க, கொஞ்சம் பொறுங்க" என்றார்கள். என் அண்ணி உட்கார்ந்திருப்பதே தலைமை அலுவலகத்தில்தானே! அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, என் கணக்கை நிறுத்திட்டாங்க. என்னன்னு கேட்டுச் சொல்லுங்க."

"பேங்க் விஷயத்தை நான் வீட்டுல பேசுறதில்ல. கிளையில கேளு."

"கிளையில கேட்டுட்டுத்தானே வர்றேன்?"

அவர் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும். சரியான கல்லுளிமங்கி. அண்ணன் சிபாரிசுக்கு வந்தான். அவனுக்கும் அதே பதில்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மீதிப் பணம் வராவிட்டால் பஸ்ஸை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பஸ்காரர் சொன்னது தெரு முழுக்கப் பரவியது. "மடியில கனம் இல்லைன்னா பேங்க்காரன் ஏன் நிறுத்துறான்?" என்று எதிர்வீட்டுக்காரி என் காதுபடவே கேட்டாள். அன்றோடு நான் அண்ணியிடம் பேசுவதை நிறுத்தினேன். அவர் மாடிக்குக் கொண்டுவந்த குழம்பைத் திருப்பி அனுப்பினேன். அவர் படி ஏறும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தினேன், நன்றாகக் கேட்கும்படி.

பதினோராம் நாள் என்னைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு சின்ன அறை, மேசைக்கு அந்தப் பக்கம் வழுக்கைத்தலை விசாரணை அதிகாரி. பஸ் ரசீது, நாற்பத்துமூன்று பெயர் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் பரப்பினேன். அவர் ஒவ்வொரு பெயராகப் பேனாவால் தொட்டுக்கொண்டே வந்தார். பதினெட்டாவது பெயரிலேயே என் பொறுமை போய்விட்டது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்.

"சார், எங்க அண்ணி உங்க கம்ப்ளையன்ஸ் பிரிவுலதான் இருக்காங்க. அவங்ககிட்ட எல்லாம் பேசிட்டேன். பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க. சும்மா இழுத்தடிக்காதீங்க!"

செல்வாக்கு இருப்பதாகக் காட்டினால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். ரேஷன் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரை பலித்திருக்கிறது. இங்கே அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்போ சொன்னாங்க? என்ன வார்த்தை சொன்னாங்க?"

குரல் உயரவில்லை.  "ஏன் சார்?" என்றேன்.

"அந்தப் பிரிவுல இருக்கிறவங்க வீட்டு ஆள்கிட்ட இதைப் பத்தி வாய் திறந்தா அன்னிக்கே வெளியே அனுப்பிடுவோம்மா. அவங்க அப்ரண்டிஸ் வேற. நீங்க இப்ப சொன்னதை நான் எழுதியாகணும்."

 சாப்பாட்டு மேசையில் கூரியர் ரசீதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கும் என் அண்ணன்தான் கண்ணில் நின்றான். ஒரு வாய் ஜம்பத்துக்கு அந்த வீட்டையே கவிழ்த்துவிட்டேனே!

"சார், நான் சொன்னது பொய். அவங்க ஒரு வார்த்தை சொல்லலை. நானும் விடாமக் கேட்டுப் பாத்தேன், அழாத குறைதான். ஒண்ணுமே சொல்லலை சார். அந்தக் கோபத்துல நான் அவங்ககூடப் பேசுறதையே விட்டுட்டேன். எங்க அண்ணனைக் கேளுங்க, தெருவையே கேளுங்க. எங்க அண்ணி பேசலைன்னு நான்தான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்."

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு நான் சொன்ன பொய்யையும் அதை மாற்றிச் சொன்னதையும் வரிசையாக எழுதி, எனக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். நான் எழுந்தபோது, "முதல் நாளே, இது எங்க வீட்டு ஆளு, நான் பாக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டு அவங்க ஒதுங்கிட்டாங்க" என்றார்.

அண்ணியின் திரையில் என் பெயரும் சொந்த வீட்டு விலாசமும், பணம் போட்டவர்கள் பட்டியலில் அவர் பெயரும் வந்து நின்றிருக்கின்றன. 'கடற்கரைச் சுற்றுலாப் பணம்' என்று மூன்று வார்த்தை எழுதி அவரே மூடியிருக்கலாம். எழுதினாலும் அது உண்மைதான்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் ஓடினேன். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தார். "பேங்க்ல உன்கிட்ட என்ன கேட்டாங்கன்னு என்கிட்ட சொல்லாதே."

மறுநாள் கணக்கைத் திறந்துவிட்டார்கள். பஸ்ஸும் போய் வந்தது. அண்ணி மட்டும் வரவில்லை, பரீட்சை என்றார். அண்ணியையும் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள் என்பதை அண்ணன் சொல்லித்தான் அறிந்தேன். பயிற்சி முடியும்வரை அந்த இரண்டு மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நிரந்தர வேலைக் கடிதம் வந்த அன்று அண்ணன் தெரு முழுக்க இனிப்பு கொடுக்கக் கிளம்பினான். நானும் அண்ணியும் மட்டும் மேசையில். நான் என்னென்னவோ சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கடிதத்தை மடித்து உறையில் போட்டார்.

"கணக்கைப் பத்தி நான் இப்பவும் பேச முடியாது. ஆனா நீ அத்தனை நாள் என் மூஞ்சிக்கு முன்னால கதவைச் சாத்தினே. அது வீட்டு விஷயம். அதைப் பத்திப் பேசலாம். உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் பேசினார். நான் வாய் திறக்கவில்லை.