அப்பாவின் கயிறு

மாரடைப்புக்குப் பிறகு, அப்பாவின் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, மெல்லிய குழாய் வழியே இதயத்தில் செலுத்தினார்கள். ஆய்வு நிலையில் இருந்த சிகிச்சை அது. ஒப்புதல் படிவத்தை அவருக்கு வாசித்துக் காட்டியவள் நான்: ‘பயன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.’ அப்பா முதல் பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டார் என்பது ஆறாவது வாரம்தான் தெரிந்தது. அன்று சங்கு குளிக்கப் புறப்பட்டு நின்றார்.

எங்கள் கரையில், கடலுக்குள் மூழ்குபவரின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் படகில் இருந்தபடி அவர் மனைவியின் சகோதரரே பிடிப்பார். உடன்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது கண் அசரமாட்டார் என்ற நம்பிக்கை. இருபது ஆண்டுகளாக அப்பாவுக்கு மாமாதான்.

“டாக்டர் கடல்ல எறங்கக் கூடாதுன்னுட்டாரு மச்சான். நான் பிடிக்க மாட்டேன்,” என்றார் மாமா.

“அவருக்குக் கடலப் பத்தி என்னலே தெரியும்? என் எலும்புல உள்ளதத்தான எடுத்து நெஞ்சுல வச்சிருக்காவ. பழைய போட்டுக்குப் புது இன்ஜின்லே! நீ வராட்டா கூலிக்கு ஒருத்தன் பிடிப்பான்.”

அடுத்த மாதம் எக்கோ எடுத்துப் பார்க்கும்வரை எதுவும் உறுதியில்லை என்றேன்.

“ஏளா, நீ படிச்சது போதும்,” என்று அப்பா சிரித்தார். வாசற்படி இறங்குவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கினார்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். அந்தக் கயிற்றை வேறொருவன் கையில் கொடுக்க மாமாவுக்கு மனம் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவின் பின்னால் நடந்தார்.