வளரும் என்ற சொல்

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையருகே இளநீர் விற்றவர் அவர். மெலிந்த உடல். பேச்சுக்கிடையே தம் வலது விலாவை, உழவுமாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல், தட்டிக்கொள்வார்.

“முன்னெல்லாம் குவார்ட்டருக்கே சாஞ்சுடுவேன் சார். இப்போ ஆஃப் அடிச்சாலும் ஏற மாட்டேங்குது. ஏன் சார்?” என்று ஒருநாள் வினவினார்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியனாகிய நான் விளக்கினேன்: “கல்லீரலின் ஒவ்வோர் உயிரணுவிலும் வழவழப்பான அகவலை என்றொரு நுண்ணுறுப்பு உண்டு. நஞ்சை முறிப்பது அதன் தொழில். மதுவாகிய நஞ்சு மிகுந்தால் அவ்வலையும் வளரும்; அதனால்தான் போதை ஏறுவதில்லை.”

அவர் முகம் மலர்ந்தது. “வளருதா! அப்போ நம்ம ஈரல் ஸ்ட்ராங்குனு சொல்லுங்க!”

அவ்வாறு உழைத்தே ஈரல் அழியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கிரிவலம் வந்தோர் இளநீர் கேட்டுச் சூழ்ந்துகொண்டனர். நாளை சொல்லலாமென்று நடந்தேன். பிறகு சொல்லவே இல்லை.

சில மாதங்களில் அவர் கண்கள் மஞ்சளித்தன, வயிறு உப்பியது. மருத்துவமனையில் நான் கண்டபோது அவர் கை விலாவின்மேல் அசையாமல் கிடந்தது.

“வளருதுன்னு சொன்னீங்களே சார்” என்றார். அக்குரலில் குற்றச்சாட்டு இல்லை. விளங்காமை மட்டுமே இருந்தது.

சொல்லை நிறுத்துப் பேசுபவன் என்று என்னைப் புகழ்வார்கள். அன்று ‘வீங்கும்’ என்று சொல்லியிருந்தால், அவர் அஞ்சியிருப்பாரோ என்னவோ.