சங்கு அறைச் சாவி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிதானமாக எழுத எனக்கு வராது. நிதானமாக எழுதத் தெரிந்தவர்கள் கூடி உட்கார்ந்து எழுதியதுதான் எங்கள் நகராட்சியின் விழா மலர். போர் நடந்து ஐம்பது வருடம் ஆகிறதாம், அதற்கு நகரமே விழா எடுக்கிறதாம். எடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்த மலரின் பதினேழாம் பக்கத்தில் என் மாமனாரைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அதை எழுத்துக்கு எழுத்து டைப் அடித்துக் கொடுத்தவளும் நான்தான்.

மாமா நகராட்சியில் சங்கு அடித்தவர். கட்டடத்தின் உச்சியில் இருக்கும் சைரனை எங்கள் ஊரில் சங்கு என்றுதான் சொல்வோம். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து என்று மூன்று வேளை அடிக்கும். மூன்று மாடி ஏறி, ஒரு ஆள் நிற்கிற அளவு அறைக்குள் போய், சுவரிலுள்ள இரும்புக் கைப்பிடியைக் கீழே இழுத்தால் மேலே மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும். முப்பத்தைந்து வருடம் அவர் இழுத்தார். சொந்தக் கல்யாணத்தன்றும் பன்னிரண்டு மணிச் சங்கை அடித்துவிட்டுத்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தாராம். இப்போது வயது எழுபத்தெட்டு. காது பாதிதான் கேட்கிறது. ஆனாலும் பகலில் சங்கு அடித்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னிக்கு நாலு செகண்டு பிந்திடுச்சு" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஊர் வைத்த பேர் என்ன தெரியுமா? 'லேட்டு சங்கு'. நான் மருமகளாக வந்த புதிதில் கடைக்குப் போனால், "ஓ, லேட்டு சங்கு வீட்டுப் பொண்ணா?" என்பார்கள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "அப்பாகிட்ட மட்டும் கேட்டுடாத" என்றார். கேட்காமல் இருக்கிற ஆளா நான்? ஒரு நாள் கேட்டேன். மாமா சொன்னார்.

போர் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு நாள், அறைக் கடிகாரம் கெட்டுப்போனதால், அவர் பன்னிரண்டு மணிச் சங்கை மூன்று நிமிடம் முந்தி அடித்துவிட்டார். ஆலைத் தொழிலாளிகள் மூன்று நிமிடம் முந்தி சாப்பிடப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் குற்றம். அன்றைய அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. சங்கு அறைச் சாவியைப் பிடுங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டார். வேளைக்கு வேளை மாமா அவர் அறை வாசலில் போய்க் கைகட்டி நின்று சாவி வாங்க வேண்டும், அடித்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

போரின் முதல் நாள் காலை ஒன்பது பத்துக்குக் காவல் கோபுரத்திலிருந்து போன் வந்தது. விமானம் வருகிறது, சங்கை அடி. மாமா அதிகாரியின் அறைக்கு ஓடினார். பூட்டியிருந்தது. வீட்டுக்கு ஓடினார். அங்கேயும் பூட்டு. மனிதர் அன்று காலை ஆறு மணிச் சங்கு முடிந்ததுமே குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போயிருக்கிறார், சாவியையும் பையில் போட்டுக்கொண்டு! மாமா திரும்ப ஓடிவந்து, ஒரு இரும்புக் குழாயை எடுத்துப் பூட்டை உடைக்க ஆரம்பித்தார். ஒன்பது பதினாறுக்குச் சந்தையில் குண்டு விழுந்தது. முப்பத்தேழு பேர். பூட்டு உடைந்தது ஒன்பது இருபத்தொன்றுக்கு.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சங்கில் இரண்டு விதம் உண்டு. ஏற்றி இறக்கி அடித்தால் ஆபத்து, ஓடி ஒளி என்று அர்த்தம். ஒரே மூச்சாக நேராக அடித்தால் ஆபத்து போய்விட்டது, வெளியே வா என்று அர்த்தம்.

"விமானம் அதுக்குள்ள போயிடுச்சும்மா. நான் நேரா அடிச்சிருக்கணும்" என்றார் மாமா. "பத்து நிமிஷமா மனசுல ஏத்தி இறக்கி அடிக்கணும், ஏத்தி இறக்கி அடிக்கணும்னே ஓடியிருக்கேன். கை அதையே செஞ்சிடுச்சு. ஜன்னல் வழியா பாத்தேன். அடிபட்டவங்களைத் தூக்கிட்டிருந்த ஜனங்க, என் சத்தத்தைக் கேட்டு, தூக்கினவங்களைக் கீழ போட்டுட்டு ஓடினாங்க."

அதற்குப் பிறகு நான் அவரை அதைப் பற்றிக் கேட்டதில்லை.

நகராட்சி என்ன செய்தது? விசாரணை வைத்தது. எதற்கு? அரசாங்கப் பூட்டை உடைத்ததற்கு! பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மாமா, "பூட்டை உடைத்தது உண்மை, மன்னிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி போர் முடிந்து சாவகாசமாகத் திரும்பி வந்தார், பதவி உயர்வு வாங்கினார், அவர் பேரில் ஒரு மண்டபமும் இருக்கிறது. சாவி யாரிடம் இருந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. சங்கு அடித்தவன் தூங்கிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இப்போது மலருக்கு வருகிறேன். நகராட்சி வளாகத்தில் என் டைப்பிங், ஜெராக்ஸ் கடை இருக்கிறது. விழாக்குழுச் செயலர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. பதினேழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'காலை 9.10 மணிக்கு, அதிகாரி அவர்களின் உத்தரவுப்படி சங்கு முழங்கியது. மக்கள் ஒழுங்குடன் பதுங்கு குழிகளுக்குச் சென்றனர். கடமை தவறாத சங்கு ஊழியர் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்.'

முப்பத்தேழு பேர் எங்கே? அடுத்த பக்கத்தில், 'சிலர் உயிர்நீத்தனர்' என்று பாதி வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

"சார், இது தப்பு. சங்கு ஒன்பது பத்துக்கு அடிக்கலை" என்றேன்.

"அடிக்கலைன்னு போட்டா அது விழா மலரா மேடம்?" என்று சிரித்தார். "உங்க மாமனாரைப் பெருமையாத்தானே போட்டிருக்கோம்?"

"அம்பது வருஷம் தூங்கிட்டான்னு சொன்னீங்க. இப்ப சரியா அடிச்சான்னு சொல்றீங்க. ரெண்டுமே பொய் சார்."

"நீங்க டைப் அடிங்க, வரலாறை நாங்க பாத்துக்கிறோம்."

கடை அவர்களுடைய வளாகத்தில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு அடித்தேன். என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

செயலர் அன்று மாலையே வீட்டுக்கும் வந்துவிட்டார். விழா நாளில், சரியாக ஒன்பது பத்துக்கு, மாமா கையாலேயே சங்கை அடிக்க வேண்டுமாம். ஏற்றி இறக்கி இரண்டு நிமிடம். கீழே மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக ஓடிப்போய்ப் பதுங்குவதுபோல் நடிப்பார்கள், அப்புறம் பலூன் பறக்கவிடுவார்கள். குண்டு விழுந்த நாளுக்குப் பலூன்! நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "வர்றேன்" என்றுவிட்டார்.

"ஆனா ஒண்ணு" என்றார். "அறைச் சாவி என் கையில இருக்கணும். முந்தின நாளே."

"அட, இவ்வளவுதானா பெரியவரே! ரிப்பன் கட்டி மேடையிலயே தர்றோம்."

அவர் போன பிறகு நான் மாமாவிடம் சண்டை போட்டேன். அதுவரை அவரிடம் குரலை உயர்த்தியதில்லை.

"அந்தப் பொய்க்கு உங்க கையையே கேக்கிறாங்க, நீங்களும் குடுக்கிறீங்களா? நீங்க அந்தக் கைப்பிடியை இழுத்தா, ஒன்பது பத்துக்கு சங்கு அடிச்சதுன்னு ஊரு முன்னால சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும் மாமா. செத்தவங்க காதுல பூ சுத்துறதுக்கு நாமளும் கூட்டா?"

காது கேட்காதவர்போல் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். செவிடன் காதில் ஊதின சங்கு என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனேன். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் டொக்கென்று வைத்தேன்.

முந்தின நாள் மேடையில் சிவப்பு ரிப்பன் கட்டிய சாவியைக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். விழா அன்று காலை அவரை நான்தான் கைபிடித்து மூன்று மாடியும் ஏற்றினேன். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினார். அறைக் கதவைத் திறந்தார், ரிப்பனை அவிழ்த்து என் கையில் கொடுத்தார், உள்ளே போனார். உள்ளேயிருந்து பூட்டுகிற சத்தம் கேட்டது. நான் வெளியே படிக்கட்டு ஜன்னலருகே நின்றேன்.

கீழே மைதானம் நிறைந்திருந்தது. மேடையில் மந்திரி. ஒலிபெருக்கியில், "இதோ, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே சங்கொலி!" என்றார்கள். ஒன்பது பத்து. பிள்ளைகள் ஓடத் தயாராகக் குனிந்து நின்றார்கள். சங்கு அடிக்கவில்லை.

ஒன்பது பன்னிரண்டு. ஒலிபெருக்கி மறுபடியும், "இதோ!" என்றது. ஒன்றுமில்லை. ஒன்பது பதினான்குக்குச் செயலர் வேர்த்து விறுவிறுத்து மேலே ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"பெரியவரே! பெரியவரே! மேடம், அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

எனக்கும் பயம்தான். சாவித் துவாரம் வழியாகப் பார்த்தேன். மாமா கைப்பிடியில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். கண் மட்டும் மணிக்கட்டில். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தட்டை டொக்கென்று வைத்த என் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

"நல்லாத்தான் இருக்கார்" என்றேன்.

"அப்ப கதவைத் திறக்கச் சொல்லுங்க! மாற்றுச் சாவிகூட இல்லையே, கடவுளே! பூட்டை உடைக்கச் சொல்லட்டுமா?"

"தாராளமா உடைங்க சார். எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்கும் தெரியட்டும்."

ஒன்பது பதினாறு. செயலர் தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். கீழே சலசலப்பு மெல்ல அடங்கியது. பிள்ளைகள் கால் வலித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டத்தின் ஓரத்தில், சந்தையில் தன் அக்காவைப் பறிகொடுத்த தையற்கார அம்மா, நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அவரைப் பார்த்து இன்னும் சில வயதானவர்கள் எழுந்தார்கள். மந்திரிக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் எழுந்து நின்றார்.

ஒன்பது இருபத்தொன்றுக்குச் சங்கு அடித்தது. ஏற்றி இறக்கி அல்ல. ஒரே மூச்சாக, நேராக, இரண்டு நிமிடம். பிள்ளைகளுக்கு ஓடுவதா நிற்பதா என்று தெரியவில்லை. தையற்கார அம்மாவுக்குத் தெரிந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

மாமா கதவைத் திறந்து வெளியே வந்து செயலரிடம் சாவியை நீட்டினார். "மோட்டாருக்கு எண்ணெய் போடுங்க தம்பி, கரகரங்குது" என்றார்.

விழா முடிந்த நாலாம் நாள் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. மந்திரி முன்னிலையில் பதினோரு நிமிடம் தாமதம் ஏற்படுத்தியதற்கும், அலுவலக அறையை உள்ளே பூட்டிக்கொண்டதற்கும் ஏழு நாளில் விளக்கம் தர வேண்டுமாம். வேலையைவிட்டு இருபது வருடமான மனிதரிடம் விளக்கம்! கடிதத்தைக் கிழித்துச் செயலர் மூஞ்சியில் எறியக் கிளம்பினேன். மாமா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கேட்டுட்டாங்கல்ல, பதில் சொல்லணும். டைப் அடிம்மா. நான் சொல்றதை அப்படியே அடி."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். நாலே வரிதான்.

"கடைசில மன்னிக்கவும்னு போடணுமா மாமா?"

"அது அப்பவே போட்டாச்சு."

அச்செடுத்து நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

'ஐயா, தாமதம் பதினோரு நிமிடம் என்பது சரியே. ஐம்பது வருடத்துக்கு முன்பும் அதே பதினோரு நிமிடம்தான். அதற்கு இதுவரை யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. அன்று சாவி உங்களிடம் இருந்தது.'