வீடியோவில் நான் வெட்டிய பகுதி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழை ஓய்ந்து ஹைதராபாத்தில் காலைக் குளிர் தொடங்கியிருந்த சமயம். கச்சிபௌலியில் என் மகள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. இதைச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் என் பங்கைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். இங்கே குறைக்காமல் எழுதுகிறேன்.

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கிய ஆள். சம்பளம் நின்ற பிறகும் பழக்கம் நிற்கவில்லை. மனைவி காலமான பிறகு மகளோடு வந்துவிட்டேன். மகளுக்கும் மருமகனுக்கும் மாதாப்பூரில் வேலை. பேத்திக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்திலேயே ஒரு மழலையர் பள்ளி இருந்தது. அவளை அங்கே விடுவதும் மத்தியானம் கூட்டி வருவதும் என் பொறுப்பு.

அந்தப் பள்ளி எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. சுவரில் எழுத்துகள் கிடையாது. பாட்டு ஒப்பிக்கும் சத்தம் வெளியே கேட்காது. இன்று என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் பேத்தி, "நீள்ளு போசானு" என்பாள். தண்ணீர் ஊற்றினாளாம். மறுநாள் கேட்டால் பட்டாணி உரித்தாளாம். எதிர் வீட்டுக் குழந்தை வேறு பள்ளியில் படித்து, லிப்டில் நின்றபடி நூறு வரை ஒப்பிக்கும். எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் சற்று முன்னதாகவே போய்விட்டேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், என் பேத்தி தரையில் மண்டியிட்டு, கொட்டிய பாலைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஆசிரியை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. போனை எடுத்து வீடியோ பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து பேத்தி தூங்கியதும் அதைப் போட்டுப் பார்த்தேன். முதலில் நான் கண்ட காட்சிதான். ஆனால் கடைசியில், கோபத்தில் நான் அங்கே கவனிக்காமல் விட்டதும் பதிவாகியிருந்தது. குழந்தை துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வருகிறாள். ஆசிரியை தரையில் உட்கார்ந்து, ஈரம் மிச்சம் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். அவளும் தடவிப் பார்க்கிறாள். பிறகு நிமிர்ந்து சிரிக்கிறாள். வீட்டில் நான் பார்த்திராத சிரிப்பு அது. அந்தப் பகுதி இருந்தால் நான் சொல்ல வந்தது எடுபடாது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தே அதை வெட்டினேன். மிச்சத்தைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "படிக்க அனுப்பினால் தரை துடைக்க வைக்கிறார்கள், ஆசிரியை நின்று வேடிக்கை பார்க்கிறார்" என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். வேலையில் இருந்தபோது, பொருந்தாத சோதனை முடிவை மறைத்த ஒருவரையும் நான் மன்னித்ததில்லை.

சாயங்காலத்துக்குள் குழு பற்றிக்கொண்டது. ஒருவர் வெட்கக்கேடு என்றார். இன்னொருவர் இதைக் குழந்தைத் தொழிலாளர் கொடுமை என்றே சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து குழந்தையை அனுப்பப் போவதில்லை என்று மூன்றாம் மாடியில் இருந்த ஒரு ஒடியாக் குடும்பம் எழுதியது. பள்ளியை இடத்தைக் காலி செய்யச் சொல்லலாமா என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவெடுப்போம் என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். என்னைப் பாராட்டிக் கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

மகள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்களாப்பா போட்டது?"

"ஆமா. நீ பாத்தியா, எப்படி முட்டி போட்டு..."

"அவ வாயத் திறந்து பேச ஆரம்பிச்சதே அங்கதான்ப்பா. ரெண்டு டாக்டர்கிட்ட ஓடினோம், ஞாபகம் இருக்கா? ஒரு நாள் உள்ள போய் உக்காந்து பாத்தீங்களா நீங்க? வாசல்லயே நின்னு மார்க் போடறீங்க."

மறுநாள் காலை பேத்தியை விடப் போனபோது ஆசிரியையே கதவைத் திறந்தார். தெலுங்குப் பெண். சென்னையில் படித்ததால் தமிழ் சரளமாக வரும். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

"உள்ள வாங்க அங்கிள். போன் மட்டும் இந்தக் கூடையில. ஒரே ஒரு ரூல்தான். குழந்தை கேக்காம உதவி செய்யக் கூடாது. கை தானா போகும், அதனால நாங்கல்லாம் பின்னால கட்டிப்போம்."

"எனக்கு அந்தப் பிரச்சனை இல்ல."

"எல்லாத் தாத்தாவும் அப்படித்தான் சொல்வாங்க."

ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்தேன். ஒரு குழந்தை செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டு, கழற்றி, மறுபடி மாற்றியே போட்டது. என் கை நீண்டுவிட்டது. ஆசிரியை மெல்லத் தொண்டையைக் கனைத்தார். கையை இழுத்துக்கொண்டேன். அந்தக் குழந்தை கடைசியில் சரியாகப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே ஓடியது.

ஆசிரியை ஒவ்வொரு குழந்தையிடமும் கீழே உட்கார்ந்து, அதன் கண் மட்டத்துக்கு வந்துதான் பேசினார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பதில் வரும்வரை இன்னொரு வார்த்தை பேசவில்லை. என் பேத்தியிடம் தமிழிலேயே, "என்ன வேணும்?" என்றார். அவள் ஜாடியைப் பார்த்தாள். நானாக இருந்தால் அந்தப் பார்வைக்கே தண்ணீர் வந்து சேர்ந்திருக்கும். ஆசிரியை அசையவில்லை. என் பேத்தி உதட்டைக் குவித்து, எச்சில் விழுங்கி, "தண்ணி வேணும். நானே ஊத்துவேன்" என்றாள். வீட்டில் அவள் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பேச வேண்டிய தேவையை நான் அவளுக்கு வைத்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஊற்றும்போது கொஞ்சம் சிந்தியது. யாரும் அதட்டவில்லை, ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த குட்டி ஒன்று, "பர்வாலேது", பரவாயில்லை, என்று தெலுங்கில் சொல்லித் துணியை எடுத்து வந்து நீட்டியது. இரண்டும் சேர்ந்து துடைத்தன. அந்தக் குழந்தைகளுக்கு அது தண்டனை இல்லை. தன்னால் ஆன தவற்றைத் தானே சரிசெய்ய முடியும் என்பதை அவர்கள் அங்கே பழகிக்கொண்டிருந்தார்கள். அழுகிற குழந்தையை ஆசிரியை மடியில் வைத்திருந்த விதத்தையும் பார்த்தேன். "அழாதே" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது அழுது முடியும்வரை முதுகில் கை வைத்திருந்தார், அவ்வளவுதான். இத்தனை வருடங்களில் நான் எத்தனையோ உற்பத்திக்கூடங்களைச் சோதித்திருக்கிறேன். இவ்வளவு கவனத்தோடு வேலை நடக்கும் இடத்தைப் பார்த்ததில்லை.

கிளம்பும்போது அவரிடம், வீடியோவின் கடைசியை நான் வெட்டியதைச் சொன்னேன்.

"நானும் நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன் அங்கிள், அதுக்கு அப்புறம் நடந்ததை இவர் பாக்கலையான்னு" என்றார். "பாத்துட்டுத்தான் போட்டீங்களா?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பெரிய திரையில் முழு வீடியோவையும் போட்டுக் காட்டினேன். எதை வெட்டினேன், ஏன் வெட்டினேன் என்று சொன்னேன். போனை மேசையில் வைத்துவிட்டுப் பேசினேன். பின்வரிசையிலிருந்து என் வயதுக்காரர் ஒருவர், "க்யா சாப், இந்த வயசுல எடிட்டிங் கைக்கு?" என்று, 'எதுக்கு' என்பதை ஹைதராபாத் உருதுவில் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் பள்ளி அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. வெளியே வந்ததும் ஆசிரியை, "நாளைக்குப் பட்டாணி உரிக்க ஆள் கம்மி, வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். போனேன். இன்றும் போகிறேன்.

ஆனால் அந்த ஒடியாக் குடும்பம் திரும்பி வரவில்லை. அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். தகப்பனார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, வேறு இடத்தில் சேர்த்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது அங்கிள் என்றார். அவர்கள் பெண், என் பேத்தியைப் போலவே, பேசத் தாமதமான குழந்தை. அந்தப் பள்ளிக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தாளாம். இதை அவள் அம்மா கதவருகே நின்று சொன்னார். அடுத்த கோடையில் அவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள்.

என் பேத்தி இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள். அவள் பேச்சைக் கேட்டு அந்தப் பள்ளிக்கு மனதுக்குள் நன்றி சொல்லும்போதெல்லாம், இன்னொரு குழந்தைக்கு அந்த இடம் இல்லாமல் செய்தவன் நான் என்பதும் கூடவே வருகிறது. ஒன்றை மட்டும் நினைத்துச் சந்தோஷப்பட எனக்கு உரிமை இல்லை.