ஏரி கோடி போன நாளில் பெண் பார்த்தது

நான் இப்போது குடியிருக்கும் கேளம்பாக்கம் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் நேற்று ஒரே அமளி. யாரோ கருவாடு வறுத்துவிட்டார்களாம், லிஃப்டு வரைக்கும் வாசனையாம். எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்த நேரத்தில் நான் என்னுடையதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். நெத்திலிதான், சந்தேகமே இல்லை. கண்ணை மூடினால் கம்பெனி பஸ், ஜன்னலோர சீட்டு, பக்கத்தில் செல்வி.

மறைமலைநகரில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். செங்கல்பட்டைத் தாண்டித் திருக்கழுக்குன்றம் பக்கம் போயிருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள், சாலைக்கு இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள் வந்துகொண்டே இருக்கும். குன்றுகளுக்கு நடுவே ஏரி, ஏரிக்குக் கீழே வயல், வயலைத் தாண்டி ஊர், ஊருக்கும் கடைசியில் எங்கள் தெரு. அந்த வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நட்டவர்கள் எங்கள் வீட்டார். நீலச் சட்டை போட்டு பஸ் ஏறியது நான்தான் முதலில். ஊட்டி பார்த்தவர்கள் எங்கள் குன்றுகளை மலை என்றால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது மலைதான், நடுவில் நாங்கள் இருந்தது பள்ளத்தாக்குதான்.

செல்வி கடற்கரைக்காரி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே மீனவர் குப்பம். "இன்னாடி ஊரு உங்க ஊரு, காத்தே இல்ல" என்று குன்றுகளைத் தாண்டும்வரை முனகிக்கொண்டு வருவாள். நான் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காதவள் என்பதையும் தினம் ஒருமுறை சொல்லிக் காட்டுவாள். ஆனால் சீதாப்பழக் காலத்தில் அவள் கை என் பையில்தான் இருக்கும். பதிலுக்குக் காகிதத்தில் சுற்றிய நெத்திலிக் கருவாடு வரும். டிரைவர் தாஸ் அண்ணனுக்கும் அதில் பங்கு உண்டு.

அந்தக் கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள். சாயங்காலம் செல்வியைப் பெண் பார்க்க வருகிறார்கள். செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருக்கும் குடும்பம். லீவு கிடைக்காததால் ஷிப்டு முடித்துவிட்டு எங்களோடுதான் பஸ்ஸில் வந்தாள்.

"போட்டோ கூடவா பாக்கல?" என்றேன்.

"நேருல தான வரான், பாத்துக்கறேன். வேலய வுடுன்னு சொன்னான்னா மட்டும், வேணான்னுடுவேன்." அலட்சியமாகத்தான் சொன்னாள். ஆனால் கழுத்து அட்டையின் நாடாவை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் சம்பளத்தில்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றுவிட்டது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையின் குறுக்கே தண்ணீர் காபி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"கோடி போவுது. இனிமே காலைலதான்" என்றார் தாஸ் அண்ணன்.

செல்வி எழுந்துபோய்ப் படிக்கட்டில் நின்று தண்ணீரையே பார்த்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல், மலைக்குப் பின்னால் எங்கள் தெரு வழியாக ஒரு மண்பாதை இருக்கிறது என்று சொன்னேன். பாதை இருந்தது உண்மை. அதில் மாட்டுவண்டியைத் தவிர வேறெதுவும் போய் நான் பார்த்ததில்லை என்பதும் உண்மை. தாஸ் அண்ணன் திருப்பினார். நம் டிரைவருக்கு வழி தெரியும் என்று நம்பி ஒரு வேனும் பின்னாலேயே வந்தது.

எங்கள் தெரு தேவாலயத்துக்கு எதிரே பஸ் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வேனிலிருந்து வெள்ளை வேட்டியில் இறங்கிய ஓர் இளைஞன் செல்வியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னா அண்ணாத்த, வேடிக்க பாத்துகினு கீற? வந்து கை குடு" என்று அதட்டினாள் செல்வி. அவன் மறுபேச்சில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே வந்து தள்ளினான். பஸ் சேற்றைவிட்டு மேலே ஏறியபோது அவன் வேட்டியில் வெள்ளையே இல்லை.

எங்கள் வீட்டுக் குழாயில் செல்வி கால் கழுவும்போது வேனிலிருந்த அம்மாள் வந்து எந்த ஊர் என்று விசாரித்தார். குப்பத்தின் பெயரைச் சொன்னாள்.

"அங்கதாம்மா நாங்களும் போறோம். செல்வின்னு ஒரு பொண்ணு, தெரியுமா?"

செல்வி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "தெரியும். நல்ல பொண்ணுதான்" என்றாள்.

பின்னால் நின்றவன் சிரித்துவிட்டான். "இவதாம்மா அது. போட்டோல பாத்த மூக்குத்திதான். தள்ளச் சொல்லோவே தெரியும்."

"தெரிஞ்சிகினா சும்மா இருந்த?"

"நீதான் அண்ணாத்தன்ன. இன்னா சொல்றது?"

தெருவே சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்காமல், "நான் வேலைய வுட மாட்டேன்" என்றாள்.

அவன் பஸ்ஸைப் பார்த்தான், தன் வேட்டியைப் பார்த்தான். "வுடாத. வேட்டி வாங்கிக் குடுக்க ஒருத்தர் சம்பாரிக்கணும்ல."

வீட்டில் பஜ்ஜி போட ஒன்றும் இல்லை. என் அம்மா, செல்வி கொடுத்த கருவாட்டையே வறுத்து, கூழோடு எடுத்து வந்தார். எங்கள் தெருவில் வெளியார் கை நனைப்பது வழக்கமில்லை. தட்டை நீட்டும்போது அம்மாவின் கை தயங்கியதை நான் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாயார் வாங்கி, வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு நெத்திலி போடு தாயீ" என்றார். அம்மா அதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தையில் கல்யாணம். தாஸ் அண்ணன் கம்பெனியில் கேட்டு அதே பஸ்ஸைக் கொண்டுவந்தார்.

இப்போது அந்த பஸ் ஓடுவதில்லை. மண்பாதை, மனை போட்டவர்களின் காம்பவுண்டுக்குள் போய்விட்டது. ஏரி வழியும் இடத்தில் உயரமாகப் பாலம் கட்டியிருக்கிறார்கள். நல்ல பாலம், குறை சொல்ல முடியாது. மழைக்காலத்தில் தண்ணீர் கீழே போகிறது, வண்டிகள் மேலே போகின்றன. எங்கள் தெருவுக்கு இப்போது யாரும் வழி தப்பி வருவதில்லை.