இஞ்சின் பக்கம்

காலை ஐந்து நாற்பது. கண் விழித்ததும் முதலில் பார்த்தது அண்ணனின் பாதங்களை. விடுப்பில் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். லயத்து வீட்டின் முன்னறையில் அண்ணன் மல்லாந்து படுத்து, கால்களைச் சுவரில் உயர்த்தி, வலது தொடையிடுக்கில் புடைத்திருந்ததை உள்ளங்கையால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அது போனதும் மூச்சை விட்டார். மடித்த துணியை அந்த இடத்தில் வைத்து இடுப்புவாரை இறுக்கினார். வேலைக்குக் கிளம்பினார்.

அந்தச் சுவரில் குதிகால் பட்ட கறைகள் உண்டு. அப்பாவுடையவை. தீபாவளிக்குத் தீபாவளி சாயம் பூசினாலும் மேலே வந்துவிடும். கொழுந்து மூட்டை தூக்கிய அப்பாவும் இங்கேதான் படுத்து இதே போலத் தள்ளுவார். ஒரு நாள் அது உள்ளே போகவில்லை. வாயுப் பிடிப்பு என்று நினைத்து, உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தோம். மாலையில் வாந்தி எடுத்தார். லோரியில் மலையிறங்கும்போது பாதி வழியில் இறந்தார். குடல் சிக்கி அழுகிவிட்டது என்றார்கள். அண்ணனின் குதிகால்கள் அந்தக் கறைகளின் மேல் சரியாகப் பொருந்தியிருந்தன.

அண்ணனுக்கு ஏற்கெனவே இரண்டு முறை அறுவை செய்து தைத்தாயிற்று. இரண்டு முறையும் குடல் மறுபடி இறங்கிவிட்டது. கொழுந்து வெட்டும் மெஷினை ஆளுக்கொரு பக்கமாக இருவர் பிடிக்க வேண்டும். இஞ்சின் இருக்கும் பக்கம் கனம். அதை மூத்தவர் பிடிப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். மறுபக்கம் அண்ணியின் தம்பி.

அந்த வாரமே அண்ணனைக் கீழே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம்.

"சதை நைஞ்சு போச்சு. வெறும் தையல் நிக்காது" என்றார் டாக்டர். "இந்த வாட்டி வலை வெச்சுத் தைக்கிறோம். சதை அதோட சேந்து வளந்துக்கும். நான் சொல்ற வரைக்கும் கனம் தூக்கக் கூடாது."

"கியா பார்ம் காய்கறித் தோட்டத்துல செடிக்குப் போடுறாங்களே, அந்த வலையா டாக்டர்?" என்றார் அண்ணி.

டாக்டர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"எங்கப்பாவுக்கு இத வெச்சிருந்தா?" என்றார்.

"முன்னாடியே வந்திருந்தா" என்றார் டாக்டர்.

அறுவை நல்லபடி முடிந்தது. அடுத்த முறை நான் போனபோது தழும்பு காய்ந்திருந்தது. புடைப்பு இல்லை. ஆனாலும் விடியற்காலையில் அண்ணனின் கால்கள் சுவரில் இருந்தன.

"அதான் ஒண்ணும் இல்லயே அண்ணே. எதைத் தள்ளுறீங்க?"

"இல்லன்னு பாக்குறேன்."

"செத்த மனுசன் கால் வெச்ச எடம், தள்ளி வைங்கன்னா கேக்க மாட்றாரு" என்றார் அடுப்படியிலிருந்து அண்ணி. "வேற எடத்துல கால் நிக்காதாம்."

அண்ணியின் தம்பி வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், நீங்க சும்மா வெறுங்கையோட வாங்க லா. இஞ்சின் நான் பாத்துக்கிறேன்."

"நீ புடிச்சா கொழுந்தோட குச்சியும் சேந்து வரும். கணக்கெழுதுற கிராணி என்னத்தான் ஏசுவாரு."

"டாக்டர் இன்னும் சரின்னு சொல்லல" என்றேன்.

அண்ணன் துணியை மடித்து வைத்து வாரைக் கட்டிக்கொண்டார்.

ஏழு மணிக்கு எதிர்ச் சரிவில் மெஷின் சத்தம் கேட்டது. பனி விலகியதும் இருவரும் தெரிந்தார்கள். அண்ணன் இஞ்சின் பக்கம் நின்றார்.