பாவிக்காத கரண்டி

ஆங்கிலேயப் பழைய வெள்ளிக் கரண்டிகளை இருபது வருடமாகச் சேர்க்கிறேன். ஒவ்வொன்றுக்கும் என் கொப்பியில் ஒரு பக்கம் உண்டு: எடை, நீளம், முத்திரைகள், தேய்மானம். கெல்சென்கிர்ச்சன் நகரப் பழைய சாமான் சந்தையில், பட்டு விரித்த சிறு பெட்டியோடு வாங்கிய குழந்தைக் கரண்டிக்குக் கடைசி வரியில் ‘பாவிக்கப்படாதது’ என்று எழுதி, இரண்டு தரம் அடிக்கோடிட்டேன். யாரும் உபயோகித்த அடையாளமே இல்லை; நுனி தேயவில்லை. அசல் வெள்ளிக்கு அடிக்கும் நடக்கும் சிங்க முத்திரை நேற்று அடித்ததுபோல் இருந்தது. கைப்பிடியில் இரண்டு எழுத்துகள், ஒரு பிறந்த தேதி.

பேரனுக்கு ஆறாம் மாதம், ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் அவன் வாயில் முதல் சோறு தீத்துவதற்கு நாள் வைத்தோம். மகளுக்கு இரண்டு தரம் வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாகக் கிடைத்தவன். அந்தக் கரண்டியால்தான் தீத்துவது என்று மனைவி எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

பழைய வெள்ளியை நான் அதிகம் தேய்ப்பதில்லை. அன்று காலைதான் கைப்பிடியின் பின்பக்கக் கறுப்பைத் துடைத்தேன். அடியிலிருந்து ஒரு சிறிய சிலுவை தெரிந்தது, இங்கே வெள்ளைக்காரர் கல்லறைகளில் இறந்த தேதிக்கு முன்னால் வெட்டுவதுபோல. பக்கத்தில் இன்னொரு தேதி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முன்பக்கத் தேதிக்கு ஐந்து மாதம் பிந்தியது.

அந்தப் பிள்ளை ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்காது.

வாசலில் கார் நின்றது. கரண்டியைப் பெட்டியில் வைத்து மூடி, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கோயிலில் நெய்விட்டுப் பொங்கிய சர்க்கரைப் புக்கை வந்தது.

“இஞ்சேருங்கோ, கரண்டி எங்க?” என்றாள் மனைவி.

“மறந்துபோய் விட்டிட்டு வந்திட்டன்.”

“சட்டைப் பொத்தானுக்கும் லிஸ்ற் எழுதுற மனுசன், இதை மறந்திட்டாராம்!”

மகள் சிரித்தாள். “விடுங்கோ அம்மா. அப்பா கையால தீத்தட்டும்.”

விரல் நுனியில் புக்கை எடுத்து நீட்டினேன். பேரன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டுப் பையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் காத்திருப்பவன்போல் இருந்தான். பிறகு பையை நோக்கிச் சிரித்துவிட்டு, வாய் திறந்து விழுங்கினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை அலுமாரியில் வைக்குமுன் திறந்தேன். கோயிலிலும் வழியிலும் அதைத் திறக்கவில்லை, கோட்டையும் கழற்றவில்லை. கரண்டியின் குழிவில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. நெய் மினுங்கியது. தொட்டேன். இளஞ்சூடு.

“கரண்டி வீட்டிலதானே கிடந்தது?” குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி கேட்டாள்.

“ஓம்,” என்றேன்.

கொப்பியை எடுத்து, அடிமட்டம் வைத்து, ‘பாவிக்கப்படாதது’ என்ற சொல்லைக் குறுக்கே கோடு கீறி வெட்டினேன்.